குறைந்தது எங்கே போயிற்று?

காலைக் குளிரில் எரிந்து, வெயில் ஏறியதும் அணைந்துவிடும் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. அதை நம்பலாமா, கூடாதா?

ஹைதராபாத்தில் குளிரா என்று சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள். அவர்கள் மே மாத ஹைதராபாத்தை மட்டும் பார்த்தவர்கள். தக்காணப் பீடபூமியின் மேல், கடல் மட்டத்துக்கு 500 மீட்டருக்கும் அதிக உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. டிசம்பர் பாதியில் வடக்கேயிருந்து உலர்ந்த காற்று வர ஆரம்பித்துவிட்டால், விடியற்காலையில் 12 டிகிரி செல்சியஸ் என்பது சாதாரணம். 1946 ஜனவரி 8ஆம் தேதி 6.1 டிகிரி வரை இறங்கியிருக்கிறது. அதே நாட்களில் மதியம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்ளும் அளவுக்கு வெயிலும் அடிக்கும். காலைக்கும் மதியத்துக்கும் 15 டிகிரி வித்தியாசம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மார்கழியில் இந்த 15 டிகிரிதான் என் காரில் விளக்கேற்றி விளையாடியது.

அப்போது என்னிடம் இருந்தது பழைய சின்னக் கார். ஏ.பி.எஸ். கிடையாது, திரை கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் நாலைந்து விளக்குகள் மட்டும். அதில் ஒன்று, வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் எரியும், எடுத்தால் அணையும். அதற்கு வேறு வேலையும் உண்டு என்பது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும்.

மார்கழி பிறந்தால் அம்மாவுக்கு விடியற்காலையில் பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி கோயிலுக்குப் போகவேண்டும். செகந்தராபாத் தமிழர்களுக்கு அந்த முருகன் பாதி மாமன் மாதிரி. மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டிலிருந்து மெட்டுகூடா, சில்கல்கூடா வழியாகப் போனால் அதிக தூரமில்லை. அம்மா பின் சீட்டில் சால்வைக்குள். அப்பா முன் சீட்டில் மங்கி கேப்புக்குள். நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டிக்கொண்டு.

முதல் நாள், வண்டியைக் கிளப்பி ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் அந்தச் சிவப்பு விளக்கு அணையவில்லை.

"அது என்னடா சிவப்பா?" என்றார் அப்பா.

"குளிருக்குப்பா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. வாயில் வந்தது. பெரிய பொய்யும் இல்லை என்று பின்னால் தெரிந்தது. முழு உண்மையும் இல்லை.

கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் விளக்கு தானாக அணைந்துவிட்டது. "பார்த்தீங்களா?" என்றேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாளும் எரிந்தது. பக்கத்து வீட்டில் ஒரு ரிடையர்டு பாங்க் அதிகாரி. கார் விஷயத்தில் எல்லாம் தெரிந்தவர். "ஹேண்ட் பிரேக் லீவருக்கு அடியில ஒரு ஸ்விட்ச் இருக்கும் சார். குளிர்ல கிரீஸ் கெட்டியாயிடும். லீவர் முழுசா இறங்காது. ரெண்டு தடவை தூக்கி இறக்குங்க" என்றார். அது நடக்கக்கூடியதுதான். லீவர் அரை இன்ச் தூக்கி நின்றால்கூட அந்த ஸ்விட்ச் விளக்கைப் போட்டுவிடும். மூன்றாம் நாள் சில்கல்கூடா அருகே லீவரைத் தூக்கி இறக்கினேன். விளக்கு அணைந்தது! அவரை மனதுக்குள் பாராட்டினேன். நான் லீவரைத் தொடாவிட்டாலும் அது அந்த இடத்தில் அணைந்திருக்கும் என்று யோசிக்கவில்லை. முதல் இரண்டு நாளும் எதையும் தொடாமலேதான் அணைந்தது. வேண்டிய விடை கிடைத்தபின் யார் கணக்கைச் சரிபார்க்கிறார்கள்?

நாலாம் நாள் லீவர் வைத்தியம் பலிக்கவில்லை. விளக்கு வளைவுகளில் மினுக்கியது. பிரேக் போட்டால் எரிந்தது, விட்டால் அணைந்தது. அன்று மாலை ஆபீஸ் விட்டு வரும்போது ராணிகஞ்சில் ஒரு பாட்டில் பிரேக் ஆயில் வாங்கினேன். செகந்தராபாத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் எப்போதாவது ராணிகஞ்ச் கடைகளில் போய் நிற்கத்தான் வேண்டும். வீட்டு வாசலில் டார்ச் வெளிச்சத்தில் பானெட்டைத் திறந்தேன். பிரேக் ஆயில் டப்பா வெள்ளையாக, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக்கில் இருக்கும். பக்கத்தில் இரண்டு கோடுகள். மேலே 'மாக்ஸ்', கீழே 'மின்'. ஆயில் கீழ்க்கோட்டில் நின்றது. மேல்கோடு வரை ஊற்றினேன். அடுத்த நாள் காலை விளக்கு எரியவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மெக்கானிக்குக் கொடுக்கவேண்டிய பணத்தை மிச்சம் பிடித்ததாகச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில்தான் ஸ்ரீசைலம் பயணம். அம்மாவின் பல வருஷத்து வேண்டுதல். ஹைதராபாத்திலிருந்து 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நல்லமலைக் காட்டுக்குள் போகும் சாலையை வனத்துறை இரவு 9 மணிக்கு மூடி, காலை 6 மணிக்குத் திறக்கும். மன்னனூர் கேட் திறந்ததும் உள்ளே போய்விடவேண்டும் என்று விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பத் திட்டம். காடு முடிகிற இடத்தில் சாலை வளைந்து வளைந்து கிருஷ்ணா அணைக்கட்டை நோக்கி இறங்கும். பிரேக்குக்கு வேலை அங்கேதான்.

வெள்ளிக்கிழமை இரவு அம்மா புளிசாதம் கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா ஹாலில் உட்கார்ந்தபடி கேட்டார்: "அந்தச் சிவப்பு விளக்கு என்ன ஆச்சு?"

"சரி பண்ணிட்டேன்பா. பிரேக் ஆயில் குறைஞ்சிருந்தது. ஊத்திட்டேன்."

"குறைஞ்சது எங்கே போச்சு?"

எனக்குக் கேள்வி புரியவில்லை. "எங்கேயும் போகலை. வண்டி ஓடினா குறையத்தானே செய்யும்? ஆவியாகியிருக்கும்."

"மூடி போட்ட டப்பாவிலேர்ந்தா?"

"பெட்ரோல் குறையலையா? இன்ஜின் ஆயில் குறையலையா?"

"பெட்ரோல் எரியறது. இன்ஜின் ஆயிலும் கொஞ்சம் எரியும். பிரேக்ல என்னடா எரியறது? குழாய்க்குள்ள இருக்கற எண்ணெய். நீ மிதிச்சா அந்தப் பக்கம் தள்ளும். விட்டா இந்தப் பக்கம் வரும். எங்கே போச்சு?"

என்னிடம் பதில் இல்லை. "எங்கே போச்சுன்னு தெரியாம நான் மலை இறங்க வரமாட்டேன். அவளையும் அனுப்பமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். அன்று இரவு நான் அவரைப் பற்றி நினைத்ததையெல்லாம் எழுதமுடியாது. வயதானவரின் பிடிவாதம், கூட வரப் பிடிக்காததற்கு ஒரு சாக்கு என்று என்னென்னவோ.

அப்பாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். அவர் ரயில்வேயில் டி.எக்ஸ்.ஆர். ரயில் புறப்படுமுன் பெட்டிகளைப் பரிசோதித்து 'போகலாம்' என்று கையெழுத்துப் போடுகிறவர். விஜயவாடாவில் தென்னக ரயில்வே ஊழியராகச் சேர்ந்தார். 1966 அக்டோபர் 2ஆம் தேதி தென்னக ரயில்வேயின் விஜயவாடா, ஹூப்ளி கோட்டங்களையும் மத்திய ரயில்வேயின் செகந்தராபாத், ஷோலாப்பூர் கோட்டங்களையும் சேர்த்துத் தென்மத்திய ரயில்வே பிறந்தபோது, உட்கார்ந்த நாற்காலியிலேயே புது ரயில்வேக்காரர் ஆனார். பிறகு செகந்தராபாத்துக்கு மாற்றல். எங்களைப் போல இப்படி வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் மெட்டுகூடா, லாலாகூடா, மல்காஜ்கிரி பக்கம் ஏராளம்.

அவருடைய வாழ்க்கை முழுக்க பிரேக்தான். ரயில் பிரேக் ஒரு விசித்திரமான சமாசாரம். பழைய வாக்குவம் பிரேக்கில், இன்ஜினிலிருந்து கடைசிப் பெட்டி வரை ஓடும் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். காற்று இல்லாதவரைதான் சக்கரம் சுற்றும். குழாய் எங்கேயாவது ஓட்டையானாலோ, பெட்டி கழன்றாலோ, காற்று உள்ளே புகும். பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அபாயச் சங்கிலியை இழுத்தால் நடப்பதும் இதுதான். பின்னால் வந்த ஏர் பிரேக்கில் நேரெதிராகக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று நிற்கும். அது குறைந்தால் பிரேக் பிடிக்கும். அமெரிக்காவின் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872இல் காப்புரிமை வாங்கிய யோசனை அது. இரண்டிலும் தத்துவம் ஒன்று: கோளாறு வந்தால் வண்டி நிற்கும்.

கார் அப்படி இல்லை. நாம் மிதிக்கும் பெடல், மாஸ்டர் சிலிண்டரில் உள்ள எண்ணெயைத் தள்ளுகிறது. எண்ணெய் குழாய் வழியே போய் நாலு சக்கரத்திலும் பிரேக்கை அழுத்துகிறது. எண்ணெய் கசிந்தால் அழுத்தம் வராது. வண்டி நிற்காது. ஒரு பக்கம் போனாலும் மறு பக்கம் பிடிக்கட்டும் என்று குழாய்களை இரண்டு தனிப் பாதைகளாகப் பிரித்திருக்கிறார்கள். பல சின்னக் கார்களில் குறுக்காக, இடது முன் சக்கரத்தோடு வலது பின் சக்கரம் என்று ஜோடி சேர்த்திருப்பார்கள். ஒரு பாதை போனால் பாதி பிரேக் மிச்சம் இருக்கும். பெடல் ஆழமாக இறங்கும். வண்டி நிற்க அதிக தூரம் பிடிக்கும்.

"ரயில்ல கோளாறு வந்தா ரயிலே நின்னு சொல்லும். கார்ல அந்த விளக்கு ஒண்ணுதான் சொல்லும். அதன் வாயையும் நீ எண்ணெய் ஊத்தி அடைச்சுட்டே" என்றார் அப்பா, மறுநாள் காலை காபி குடிக்கும்போது. நாங்கள் ஸ்ரீசைலம் போகவில்லை. புளிசாதம் மேஜை மேல் இருந்தது.

பத்து மணிக்கு மெக்கானிக்கிடம் போனோம். மெட்டுகூடா பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு ஷெட். எங்கள் தெருவில் எல்லோரும் 'பாய்' என்றே கூப்பிடுவோம். அப்பாவும் கூட வந்தார். கையில் நான் ஊற்றியது போக மீதியிருந்த பிரேக் ஆயில் பாட்டில். அது எதற்கு என்று கேட்டேன். "கணக்குக்கு" என்றார்.

நான் நடந்ததைச் சொன்னேன். விளக்குதான் இப்போது எரியவில்லையே, மேலோட்டமாகப் பார்த்தால் போதும் என்றும் சொன்னேன். "நக்கோ சாப்" என்று தக்கினியில் ஆரம்பித்தார் பாய். அவர் சொன்னதன் சாரம் இது: டப்பாவுக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அதில் ஒரு காந்தம். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கு இறங்கினால் மிதவையும் இறங்கி, ஸ்விட்சைச் சேர்த்து விளக்கைப் போடும். குளிரில் எல்லா எண்ணெயும் சுருங்கும். ஒரு சின்னக் காரில் மொத்தமே ஏறத்தாழ அரை லிட்டர்தான் பிரேக் ஆயில் இருக்கும். ராத்திரிக் குளிரில் அது சுருங்குவது சில மில்லி லிட்டர். டப்பா நிறைய இருந்தால் அந்தச் சில மில்லி யாருக்கும் தெரியாது. கோட்டருகே ஊசலாடிக்கொண்டிருந்தால் அதுவே போதும், விளக்கு எரியும். இன்ஜின் சூடானதும் பானெட்டுக்குள் டப்பாவும் சூடாகும். எண்ணெய் விரியும். மிதவை ஏறும். விளக்கு அணையும். வளைவில் எண்ணெய் ஒரு பக்கமாகச் சாயும்போது மினுக்குவதும் இதனால்தான்.

ஆக, 'குளிருக்குப்பா' என்று நான் சொன்னது பாதி சரி. குளிர் கோளாறை உண்டாக்கவில்லை. மற்ற மாதங்களாக இருந்தால் இன்னும் சில வாரம் கழித்துத் தெரியவேண்டியதை முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது. நான் அதற்கு நன்றி சொல்வதற்குப் பதிலாக அதன் மேலேயே பழியைப் போட்டேன்.

முன் சக்கரங்களைக் கழற்றினார் பாய். டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பேடுகள் தேய்ந்து, ஒரு ரூபாய் நாணயத்தின் கனம்கூட இல்லை. புதிதாக இருக்கும்போது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இருக்கும். பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும். அதன் பின்னால் உண்டாகும் இடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து எண்ணெய் இறங்கும். அப்படிக் குறைவது கசிவு அல்ல. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. "உங்கள் எண்ணெய் இங்கே இருக்கிறது சாப்" என்று கேலிப்பரைத் தட்டிக் காட்டினார். எனக்கு நிம்மதி. அப்பாவைப் பார்த்தேன். அவர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுப் பேட் போட பிஸ்டனை உள்ளே தள்ளவேண்டும். தள்ளினால் அங்கிருக்கும் எண்ணெய் திரும்ப டப்பாவுக்கு ஏறும். நான் ஏற்கெனவே மேல்கோடு வரை ஊற்றியிருந்ததால் வழிந்துவிடும். பிரேக் ஆயில் பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்துபோகும். அதனால் பாய் பெரிய சிரிஞ்சு ஒன்றை எடுத்து, ஏறுகிற எண்ணெயை மேல்கோட்டுக்கு மேல் வராதபடி உறிஞ்சி எடுத்துக்கொண்டே பிஸ்டனைத் தள்ளினார். 20 மில்லி சிரிஞ்சு. அப்பா விரல் விட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. அதோடு நின்றுவிட்டது.

"அறுபது" என்றார் அப்பா. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தார். 250 மில்லி பாட்டில். பக்கத்தில் அளவுக் கோடு இருந்தது. "இதுல மிச்சம் 150. நீ ஊத்தினது 100. இப்ப திரும்பி வந்தது 60. மீதி 40 எங்கே?"

பாய் சிரித்தார். பின்பக்கம் டிரம்முக்குள் பிரேக் ஷூவும் தேயும், அங்கேயும் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்றார்.

"40 மில்லியா?" என்றார் அப்பா, அவருடைய ரயில்வே ஹிந்தியில். "திறந்து பாருங்க."

வலது டிரம் சுத்தம். உள்ளே காய்ந்த தூசி மட்டும். இடது டிரம்மைத் தட்டிக் கழற்றியதும், உள்ளே தூசியும் எண்ணெயும் குழைந்து மை மாதிரி கிடந்தது. வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைப் பாய் ஸ்குரூ டிரைவரால் நெம்பினார். உள்ளேயிருந்து எண்ணெய் ஒழுகி அவர் விரலில் வழிந்தது. ஷூவின் ஒரு பாதி நனைந்து ஊறியிருந்தது. பாய் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அப்பாவைப் பார்த்து "ஹௌ சாப்" என்றார். ஹைதராபாத்தில் அதற்கு 'ஆமாம்' என்று பொருள். அந்த 'ஆமாம்' எனக்கும் சேர்த்துத்தான்.

சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் பழசாகி இறுகியிருந்தது. குளிரில் ரப்பர் இன்னும் இறுகும், கொஞ்சம் சுருங்கும். அப்போது கசியும். சூடானால் மறுபடி இளகி அடைத்துக்கொள்ளும். அதனால்தான் நான் காரை நிறுத்திய இடத்தில் தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. சொட்டெல்லாம் டிரம்முக்குள்ளேயே.

இப்படியே ஸ்ரீசைலம் மலை இறங்கியிருந்தால் பிரேக் பிடித்திருக்குமா என்று கேட்டேன். பாய் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பிடிச்சிருக்கும் சாப். முதல் ஏழெட்டு வளைவுக்கு."

மிகைப்படுத்தவில்லை அவர். பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கடையில் விற்கும் 'டாட் 3' ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரி தாங்கினாலே போதும் என்று விதியே இறங்கி வருகிறது. 'டாட் 4' ரகத்துக்கு இதே கணக்கு 230, 155. மலைச்சரிவில் காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பேடும் டிஸ்க்கும் கொதிக்கும். அந்தச் சூடு எண்ணெய்க்கு ஏறும். எண்ணெய் கொதித்தால் குமிழி வரும். எண்ணெயை அழுத்தினால் நகர்ந்து வேலை செய்யும். குமிழியை அழுத்தினால் அது நசுங்கும், அவ்வளவுதான். பெடல் தரை வரை போகும். தேய்ந்த பேட், பழைய எண்ணெய், ஒரு பக்கம் கசிவு. நான் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு அம்மாவை ஏற்றிக்கொண்டு போக இருந்தேன். குளிர் காலையில் எரிந்த விளக்கு சொன்னது, மதியம் மலையிறக்கத்தின் சூட்டில் நடக்கக்கூடியதைப் பற்றி.

முன் பேடுகள், பின் ஷூக்கள், இரண்டு பக்க வீல் சிலிண்டர், பழைய எண்ணெயை முழுக்க எடுத்துவிட்டுப் புது எண்ணெய், ஏர் எடுப்பது எல்லாம் முடிய சாயங்காலம் ஆகிவிட்டது. ஷெட்டில் மரப்பெஞ்சில் உட்கார்ந்து அப்பாவும் பாயும் இரானி டீ குடித்தார்கள். பாய் ஒன்று சொன்னார். இந்த விளக்கைத் 'தொந்தரவு' என்று சொல்லி ஒயரையே பிடுங்கிவிடச் சொல்லும் ஆட்கள் உண்டாம். செகண்ட் ஹாண்ட் கார் வாங்கும்போது சாவியைத் திருப்பியதும் அந்தச் சிவப்பு விளக்கு ஒரு தரம் எரிந்து அணைகிறதா என்று பார்க்கவேண்டும் என்றார். அதாவது, ஹேண்ட் பிரேக் போடாத நிலையிலும் எரியவேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பு போயிருக்கிறது அல்லது யாரோ வாயை அடைத்திருக்கிறார்கள்.

குளிர்காலத்தில் இந்த விளக்கைப் பார்க்கிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஹேண்ட் பிரேக் முழுசாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். செலவில்லாத சோதனை. ஆனால் விளக்கு அணைந்தது லீவராலா, தற்செயலாலா என்று அடுத்த நாளும் பாருங்கள். பிறகு, சமதரையில் வண்டியை நிறுத்தி, டப்பாவின் கோட்டைப் பாருங்கள். வண்டியை நிறுத்தியபடி பெடலை ஒரே சீராக அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். கால் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விடுகிறது. அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் குறைந்திருந்தால் பிரித்து வைத்த பழைய பாட்டிலிலிருந்து ஊற்றாதீர்கள். அது எப்போதோ ஈரத்தைக் குடித்திருக்கும். இன்ஜின் ஆயிலை ஊற்றவே கூடாது. பிரேக்கில் உள்ள ரப்பரெல்லாம் ஊதிப்போய்விடும். சரியான எண்ணெயை ஊற்றினாலும், ஊற்றியது வைத்தியம் அல்ல. மெக்கானிக்கிடம் போகும்வரைக்கான முதலுதவி.

பிரேக் விளக்கோடு பாட்டரி விளக்கும் சேர்ந்து எரிந்தால் சில கார்களில் ஆல்டர்னேட்டர் கோளாறாக இருக்கும். மஞ்சளாக எரிவது ஏ.பி.எஸ். விளக்கு. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டதால் இப்போது பலருக்கு இரண்டு விளக்குகள். மஞ்சள் தனியாக எரிந்தால் சாதாரண பிரேக் பொதுவாக வேலை செய்யும், சறுக்கலைத் தடுக்கும் வசதி இருக்காது. சிவப்பு அப்படியில்லை. சிம்லா, ஸ்ரீநகர் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. பனியில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் ஈரம் உறைந்து ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் அங்கே சமதரையில் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள். ஹைதராபாத் குளிர் அந்த அளவுக்கு வராது. இங்கே அது விளக்கேற்றுவதோடு சரி.

அடுத்த சனிக்கிழமை ஸ்ரீசைலம் போனோம். நல்லமலை இறக்கத்தில் இரண்டாம் கியரில் போட்டு, தேவைப்பட்டபோது மட்டும் பிரேக்கைத் தொட்டு இறங்கினேன். பெடல் கல் மாதிரி நின்றது. பின் சீட்டில் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் அப்பாவிடம் ஏதோ சொல்லத் திரும்பினேன். மங்கி கேப் மூக்கு வரை இறங்கியிருக்க, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த வளைவுகளில் அவர் தூங்கியதைவிட எனக்குப் பெரிய சர்டிபிகேட் யாரும் கொடுத்ததில்லை.

திரும்பி வந்ததும் அவர் ஒரு பழக்கத்தை ஏற்படுத்தினார். ஒரு நோட்டுப் புத்தகம். மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, டப்பாவில் எண்ணெய் எந்த இடத்தில் நிற்கிறது என்று தேதி போட்டு எழுதவேண்டும். ஊற்றினால் எவ்வளவு என்றும் எழுதவேண்டும். அந்தக் கார் கைமாறியபோது வாங்கினவர் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு விலையைப் பற்றி அதிகம் பேசவில்லை.

இப்போதிருக்கும் காரில் திரை உண்டு. விளக்கோடு எழுத்தும் வரும். அப்பா எண்பதைத் தாண்டிவிட்டார். காதுக்குக் கருவி வைத்துக்கொள்கிறார். போன மார்கழியில் ஒரு காலை, அதே சிவப்பு விளக்கு எரிந்து, வெயில் ஏறியதும் அணைந்தது. எண்ணெய் ஊற்றாமல் நேராக மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பேடுகள் தேய்ந்திருந்தன. பிஸ்டனைத் தள்ளியபோது டப்பாவில் எண்ணெய் நோட்டில் எழுதியிருந்த பழைய இடத்துக்கே ஏறி நின்றது. ஆனாலும் நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். எல்லாம் காய்ந்து சுத்தமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், கொஞ்சம் உரக்க, "பிரேக் ஆயில் குறைஞ்சிருந்ததுப்பா" என்றேன்.

"எங்கே போச்சு?" என்றார்.

சொன்னேன். தலையாட்டிவிட்டுப் பேப்பரைப் பிரித்தார்.